அணைக்கரையின் சந்ததியார்

ஒல்லாந்து தேசத்தின் தென்மேற்கே, முற்காலத்தில் தனித்தீவாக இருந்து பிற்பாடு பெருநிலத்தோடு இணைக்கப்பட்ட வால்கெரன் என்னும் பிரதேசத்தின் மேற்கு முனையில், வட கடலை நேருக்கு நேர் எதிர்கொண்டு நிற்கிறது வெஸ்ட்கபெல்லே என்ற சிறிய ஊர். அயலூர்கள் பலவற்றுக்கு மணற்குன்றுகள் இயற்கை அரணாக அமைந்திருக்க, இவ்வூருக்கு மட்டும் அந்தப் பாக்கியம் நிலைக்கவில்லை. ஆகையால் இதன் சரித்திரம் மனிதர் கட்டிய ஓர் அணைக்கரையின் சரித்திரமாகவே ஆகிவிட்டது.

1223-ஆம் ஆண்டிலேயே நகர உரிமை பெற்று, கடல் தொழிலால் ஜீவித்துவந்த ஊர் இது. ஆனால் மணற்குன்றுகளை அலை சிறுகச் சிறுக அரித்துக்கொண்டே வந்தது. பழைய ஊர் இருந்த இடம் இன்று கடலுக்கடியில் கிடக்கிறது. ஜனங்கள் உள்நோக்கிப் பெயர்ந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் வில்லிப்ரோர்ட் என்ற அர்ச்சியசிஷ்டரின் பெயரால் பெரியதொரு ஆலயம் எழுப்பினார்கள். 1831-இல் நேர்ந்த தீவிபத்தில் ஆலயம் அழிந்தபோதிலும், 1818 முதல் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டுவந்த அதன் கோபுரம் தப்பியது. நவீன ஓவியத்தில் புகழ்பெற்ற மோன்ட்ரியான் தம் சித்திரங்களில் தீட்டிய விளக்கு அதுதான்.

குன்றுகள் தேய்ந்த இடத்தில் எழுந்த அணைக்கரையைப் பேணுவதே தலைமுறை தலைமுறையாக இவ்வூர் ஆடவரின் தொழிலாயிற்று. களிமண் சரிவின்மேல் வைக்கோலைப் பரப்பி, அதையே பிடிபிடியாகக் கருவியால் மண்ணுக்குள் அழுத்திச் செருகி, தண்ணீர் மண்ணைக் கரைத்துவிடாதபடி ஒரு போர்வையாக்குவார்கள். அலை பலமாக மோதும் அடிவாரத்தில் வில்லோ மரக் கொம்புகளைப் பின்னிய மெத்தைகளை இறக்கி, அவற்றின்மேல் கல்லை ஏற்றுவார்கள். கடலுக்குள் வரிசையாகக் கம்பங்களை நட்டு, அலையின் வேகத்தை முன்கூட்டியே தணிப்பார்கள். வைக்கோல் மட்கிவிடும், கம்பம் உளுத்துவிடும், புயல் கல்லைப் புரட்டிவிடும். ஆகவே முடிந்தது என்று சொல்லத்தக்க வேலை அன்று அது. தகப்பனிடம் மகன் கற்று, குழுக்குழுவாகச் சேர்ந்து உழைத்த இம்மனிதர்கள் பிற ஊராரிடமிருந்து வேறுபட்ட ஒரு தனிச் சமூகமாகவே கருதப்பட்டார்கள். ராஜாக்களையும் சேனாதிபதிகளையும் நினைவில் வைத்திருக்கும் சரித்திரம், ஒரு தீவு முழுவதையும் தம் தோள்வலியால் காத்த இந்தத் தொழிலாளிகளுக்கும் அதே மரியாதையைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது.

இத்தனை நூற்றாண்டுகளாகக் கடலால் வெல்லமுடியாத அந்தக் கரையை உடைத்தவர்கள், இரண்டாம் உலக யுத்தத்தில் ஒல்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய நேச நாட்டினரே. 1944 செப்டம்பரில் ஆன்ட்வெர்ப் துறைமுகம் அவர்கள் வசமாயிற்று. ஆனால் துறைமுகத்துக்குச் செல்லும் ஸ்கெல்ட் நதியின் முகத்துவாரத்தை வால்கெரனிலிருந்து ஜெர்மானியப் பீரங்கிகள் காத்து நின்றமையால், கப்பல் எதுவும் உள்ளே நுழைய முடியவில்லை. தீவையே வெள்ளத்தில் ஆழ்த்தி எதிரியை முடக்குவது என்று தீர்மானித்து, குடிமக்களை எச்சரிக்கும் துண்டுப் பிரசுரங்களை வானிலிருந்து வீசிவிட்டு, அக்டோபர் 3-ஆம் தேதி பிரிட்டிஷ் விமானங்கள் வெஸ்ட்கபெல்லே அணைக்கரையின்மேல் குண்டுமாரி பொழிந்தன. கரை பிளந்தது, கடல் உள்ளே புகுந்தது. அன்று மாண்ட கிராமவாசிகள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் நாற்பதுக்கும் அதிகமானவர்கள், பத்திரமான இடம் என்று நம்பி ஒரு காற்றாலையில் அடைக்கலம் புகுந்து, இடிபாடுகளால் வழி அடைபட்டு, உயர்ந்துவந்த நீரில் மூழ்கி இறந்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி அந்த உடைப்பின் இருபுறமும் தாக்குதற்படைகள் கரையிறங்கின. அம்மாத இறுதியில் கப்பல்கள் ஆன்ட்வெர்ப்பை அடைந்தன. யுத்தத்தின் கணக்கில் அது நியாயமாகவே இருக்கலாம். ஆயினும் அந்தக் கணக்கின் விலையைச் செலுத்தியவர்கள் கரை கட்டுவோரின் குடும்பங்கள் என்பதை எண்ணும்போது மனம் பதைக்கிறது.

அதன்பின் ஓராண்டுக் காலம் ஒவ்வொரு நாளும் இரு முறை கடல் ஏறி வடிந்தது. பயிர்நிலம் உப்பேறியது, மரங்கள் பட்டுப்போயின. வால்கெரனின் உடைப்புகளை அடைக்க, பழைய கொம்பு மெத்தைகளோடு, நார்மண்டிப் படையெடுப்பின் செயற்கைத் துறைமுகத்துக்கென்று செய்யப்பட்ட கான்கிரீட் பெட்டகங்களும் கொண்டுவரப்பட்டன. 1945 அக்டோபரில் வெஸ்ட்கபெல்லே உடைப்பு மூடப்பட்டது. வேறிடம் தேடிப் போயிருக்கலாம். ஆயினும் எஞ்சிய ஜனங்கள் திரும்பிவந்து, அதே அணைக்கரையின் அடியிலேயே புதிய வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.

கடல் தோண்டிய பள்ளம் இன்றும் ஊரருகே ஒரு நீர்நிலையாக இருக்கிறது. கரையின்மேல் ஒரு யுத்த டாங்கி நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆன்ட்வெர்ப் துறைமுகம் திறக்கப்பட்ட வெற்றியை விவரிக்கும் எந்தச் சரித்திர நூலும், வெஸ்ட்கபெல்லே ஜனங்கள் அதற்குக் கொடுத்த உயிர்களைச் சொல்லாதவரையில் பூரணமான நூல் ஆகாது.