ஸ்டீயரிங்கைக் கார் பிடித்தாலும் ஓட்டுநர் நீங்கள்தான்

2019 ஏப்ரல். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், கீ லார்கோ. ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருந்த டெஸ்லா காரின் ஓட்டுநர், கீழே விழுந்த செல்போனை எடுக்கக் குனிந்தார். நேர்ச்சாலை அங்கே முடிகிறது. கார் நிற்காமல் பாய்ந்து, ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியில் மோதியது. அதனருகே நின்றிருந்த 22 வயதுப் பெண் இறந்தார். அவருடைய நண்பர் படுகாயமடைந்தார். முன்னால் ஏதாவது இருந்தால் கார் பிரேக் போட்டுவிடும் என்று நம்பியதாக நீதிமன்றத்தில் ஓட்டுநர் சொன்னார். 2025 ஆகஸ்டில் மயாமி ஜூரி, மூன்றில் இரண்டு பங்குப் பொறுப்பை அவர்மீதும் மீதியை டெஸ்லாமீதும் சுமத்தியது.

நம் ஊரில் 'அடாஸ்' (ஓட்டுநர் உதவி வசதி) என்ற பெயரில் விற்கும் கார்களிலும் வசதி பெரும்பாலும் தானியங்கி ஓட்டுதலின் இரண்டாம் நிலையோடு நின்றுவிடுகிறது. கார் லேனைப் பிடிக்கும், முன்வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். சாலையைக் கவனிப்பது உங்கள் வேலை. பாலம், பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் காரின் ராடார் அலை பட்டுத் திரும்புவதால், அதிவேகத்தில் அசையாத பொருள்களைப் பல அமைப்புகள் ஒதுக்கிவிடுகின்றன. இரவில் விளக்கின்றி நிற்கும் லாரியும், எதிர்த்திசையில் வரும் டிராக்டரும், அழிந்துபோன லேன் கோடும் உள்ள நெடுஞ்சாலைகளில் இதன் பொருள் என்னவென்று யோசியுங்கள். இதைவிட எனக்குப் பெரிய அச்சம் மனித மனத்தைப் பற்றியது. அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவரின் கவனம் எங்கோ போய்விடும். கார் உதவி கேட்கும்போது சில நொடிகூட மிஞ்சாது. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ரீல்ஸ் எடுப்பவர்கள் பந்தயம் வைப்பது சாலையில் நடந்துபோகும் அடுத்தவர் உயிரை.

ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: எந்த வேகத்தில், எந்த வெளிச்சத்தில், எவற்றை இது அடையாளம் காணாது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ தராத தயாரிப்பாளர், அதனால் விளையும் பாதிப்புக்கு இழப்பீடு தர வேண்டும். எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் மறைத்த ஷோரூமும் பொறுப்பாகலாம். "கார் தானே ஓட்டும்" என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள். முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னாலிருந்து சாலையைப் பார்க்கும் கேமராவை மறுபடி அளவு திருத்தச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

விபத்து நேர்ந்தால், காரில் பதிவான தரவை அழிக்காமல் பாதுகாக்கும்படி சர்வீஸ் சென்டருக்கும் நிறுவனத்துக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே மாடலில் பலருக்கும் ஒரேமாதிரிக் கோளாறு இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்கீழ் அந்த வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். உரிமையாளர்களின் புகார்கள் பதிவாவது அதற்கு ஒரு வழி. நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரக் காலவரம்பு 2 ஆண்டுகள்.