ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்னிரைச்சல்

பாடகர் பாடி முடித்துவிட்டார். பதிவைக் கேட்கும்போது, குரலுக்கு அடியில் வண்டின் ரீங்காரம் போன்றதோர் ஓசை இடையறாது ஒலிக்கிறது. அதனை எவரும் எழுப்பவில்லை. காற்றின் வழியாகவும் அது வரவில்லை. மின்சாரத்தால் விளைந்த ஓசை அது. ஆதலின் கூடத்தின் சுவர்களை எத்துணைத் தடிப்பாக எழுப்பினும் அதனைத் தடுத்தல் இயலாது.

நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவுறுவது. எனவே இவ்விரைச்சல் 50 ஹெர்ட்சிலும் அதன் மடங்குகளான 100, 150 முதலியவற்றிலும் ஒலிக்கிறது. ஒலிவாங்கி தருவதோ சில மில்லிவோல்ட் அளவிலான மெல்லிய மின்குறிகை. அதனைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது, உடன் நுழைந்த இரைச்சலும் பெருகிவிடுகிறது. பின்னர் வடிகட்டி நீக்கலாமே எனில், ஆண்குரலின் அடித்தொனியும் அப்பகுதியிலேயே உள்ளது. இரைச்சலோடு இசையும் குன்றும். வருமுன் காத்தலே தக்கது.

இரைச்சல் நுழையும் வழிகளுள் முதன்மையானவை இரண்டு.

முதலாவது காந்தப்புலம். மின்மாற்றி, குழல்விளக்கின் சோக் ஆகியவற்றைச் சூழ்ந்துள்ள காந்தப்புலம் அருகிலுள்ள ஒலிக்கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. கம்பியைச் சுற்றிய செப்புவலை இதனைப் பெரிதும் தடுப்பதில்லை. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கும் முறைக்கு 1881இலேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றார். முறுக்கிய கம்பிகள் இரண்டிலும் இரைச்சல் சமமாக ஏறும். குறிகையை அவற்றில் எதிரெதிராகச் செலுத்தி, பெறுமிடத்தில் வேறுபாட்டை மட்டும் கொண்டால், சமமான இரைச்சல் நீங்கிக் குறிகை எஞ்சும். மேலும், ஒலிக்கம்பி மின்கம்பிக்கு இணையாகச் செல்லலாகாது. குறுக்கிட நேரின் செங்குத்தாகக் கடத்தல் நன்று.

இரண்டாவது, 'எர்த்' என நாம் வழங்கும் புவியிணைப்பால் உண்டாகும் வளையம். இரு கருவிகள் வெவ்வேறு மின்செருகிகளில் புவியிணைப்புப் பெற்று, ஒலிக்கம்பியின் செப்புவலையாலும் இணைந்திருப்பின், அங்கு ஒரு வளையம் உருவாகிறது. புவியிணைப்புகளுக்கிடையே உள்ள சிறு அழுத்த வேறுபாடும் அவ்வலையில் மின்னோட்டத்தைச் செலுத்தி இரைச்சலை விளைக்கும். எல்லா ஒலிக்கருவிகளுக்கும் ஒரே மின்பலகையிலிருந்து மின்சாரம் தருவது முதல் தீர்வு. அதனாலும் தீராவிடின், ஒலிக்கம்பியின் நடுவே தனிப்படுத்தும் மின்மாற்றியை இணைக்கலாம். எந்தக் கருவியால் இரைச்சல் வருகிறது என்றறிய, ஒலிபெருக்கியின் ஒலியளவைக் குறைத்துக்கொண்டு ஒலிக்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு பொறுமையாக ஆராயாது, செருகியின் புவியிணைப்புக் கம்பியையே வெட்டிவிடுவோர் உளர். இரைச்சல் உடனே அடங்கலாம். ஆயின் அந்த அமைதி கொடியது. கருவியினுள் மின்கம்பி பழுதுற்று உலோக உறையைத் தொட்டால், மின்னோட்டத்தை நிலத்திற்கு இட்டுச்சென்று உருகியை அறுக்க வேண்டிய கம்பி அங்கு இல்லை. தொடுகின்ற மனிதனின் உடலே அக்கம்பியாகிவிடும். 1972இல் வேல்சு நாட்டின் சுவான்சி நகர மேடையில், முறையான புவியிணைப்பில்லாத ஒலிவாங்கியைத் தொட்ட லெஸ்லி ஹார்வி என்னும் கிட்டார்க் கலைஞர் மின்தாக்குண்டு உயிர் துறந்தார்.

இரைச்சலை நீக்குவது இசைக்குச் செய்யும் தொண்டு. அத்தொண்டு இசைப்பவரின் உயிருக்கு ஊறு விளைப்பதாக அமைதல் கூடாது. ஒலிக்கம்பியை மாற்றுக, மின்வழியை மாற்றுக, புவியிணைப்பை மட்டும் ஒருபோதும் அறுக்கற்க.