கொன்றவர் யாவர்? – ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்தம் பிணக்கு

கதையைப் படித்து இன்புறுவதினும், படித்த கதையைக் குறித்துப் பிறரோடு வாதிட்டு இன்புறுவதில் நம்மவர்க்கு வேட்கை மிகுதி. ஆயினும் எல்லாக் கதைகளும் அத்தகைய வாதத்திற்கு இடந்தருவன அல்ல. படித்து மூடியவுடன் மறக்கப்படுவன பல; மூடிய பின்னரே நம் நெஞ்சினுள் நடமாடத் தொடங்குவன சில. அச்சிலவற்றுள் வைத்து எண்ணத்தக்கது, காலஞ்சென்ற ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இயற்றிய ‘பொன்னியின் செல்வன்’. காதலும் மர்மமும் ஒருங்கே பின்னிய அந்நாவலைப் பற்றி வாசகர் கருத்து ஏன் இங்ஙனம் பிளவுபட்டு நிற்கின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். எம்முடைய பிழையொன்றும் இதனுள் இடம்பெறும். அதனை இறுதியிற் கூறுவாம்.

இந்நாவல் ‘கல்கி’ வார இதழில் 1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் தொடங்கி 1954-ஆம் ஆண்டு மே திங்கள் வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், வாரந்தோறும் வெளிவந்தது. ‘புது வெள்ளம்’, ‘சுழற்காற்று’, ‘கொலை வாள்’, ‘மணிமகுடம்’, ‘தியாக சிகரம்’ என ஐந்து பாகங்களும், அவற்றுள் 293 அத்தியாயங்களும் உடையது. ஓவியர் மணியம் அவர்கள் தீட்டிய சித்திரங்களுடன் அது வெளிவந்த நாட்களில், இதழின் ஏடுகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. எம் இல்லத்துப் பெட்டியிலும் அத்தகைய தைத்த ஏடுகள் இன்றும் உள. கதை முடிந்த அவ்வாண்டிலேயே, டிசம்பர் 5-ஆம் நாள், ஆசிரியரும் இவ்வுலகு நீத்தனர்.

கதையின் நடுநாயகமாக நிற்பது ஒரு கொலை. சுந்தர சோழ மன்னரின் மூத்த மைந்தனும், பாண்டியனைப் போரில் வென்றவனுமாகிய ஆதித்த கரிகாலன், கடம்பூர்ச் சம்புவரையர் மாளிகையில் ஓரிரவு உயிர் துறக்கின்றான். அவன் நெஞ்சை முன்னொரு காலத்துக் கவர்ந்தவளும், இன்று பெரிய பழுவேட்டரையரின் இளைய ராணியுமாகிய நந்தினி அங்கே வாளுடன் நிற்கின்றாள். பாண்டியனுக்காகப் பழிவாங்கச் சபதம் செய்த சதிகாரரும் அருகே உள்ளனர். விளக்கு அவிகின்றது, இருள் நீங்கும்போது இளவரசன் பிணமாய்க் கிடக்கின்றான். பழி, குற்றமற்ற வந்தியத்தேவன் தலைமேல் விழுகின்றது. அவனைக் காக்க விழைந்த மணிமேகலை, தானே கொன்றதாகக் கூறுகின்றாள். பழுவேட்டரையரோ தாம் எறிந்த கத்தியே காரணம் என்கின்றார். உண்மை யாது? ஆசிரியர் ஐயத்திற்கு இடமற்ற ஒரு விடையைத் தரவில்லை.

இவ்விடத்திலேதான் வாசகர் மூன்று கட்சிகளாகப் பிரிகின்றனர்.

முதற் கட்சியினர் மர்மத்தை நாடுவோர். முடிச்சிட்டவன் அதனை அவிழ்க்கக் கடமைப்பட்டவன் என்பது இவர்தம் கொள்கை. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் காத்திருக்கச் செய்து, கடைசியிற் கொலையாளியைக் காட்டாது விடுவது விருந்துக்கழைத்து இலையை மட்டும் போடுவதை ஒக்கும் என்பர். இரண்டாங் கட்சியினர் காதலை நாடுவோர். நந்தினி வீரபாண்டியனுக்குக் காதலியா, மகளா என்னும் ஐயம் இவர்களை உறங்கவிடுவதில்லை. வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர்விடும் இறுதி அத்தியாயத்தைப் படித்துக் கண்ணீர் உகுத்தோரும், அப்பேதைப் பெண்ணை ஏன் கொன்றீர் என ஆசிரியரை வைதோரும் இக்கட்சியினரே. மூன்றாங் கட்சியினர், கைக்கு வந்த மணிமுடியை அருள்மொழிவர்மன் தன் சிறிய தந்தைக்குச் சூட்டும் தியாகமே கதையின் பயன் என்றும், கொலையாளி யாராயினும் ஆகுக என்றும் அமைவோர்.

இப்பிணக்கு ஆசிரியர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. கதை திடீரென முடிந்தது என்று குறைபட்ட வாசகர்க்கு அவரே ஒரு முடிவுரை எழுதி, குந்தவை, வந்தியத்தேவன், நந்தினி முதலியோர் பின்னர் என்னவாயினர் என்று விடை கூறினார். முழுக் கற்பனைக் கதையில் எல்லாரும் இனிது வாழ்ந்தனர் என்று முடித்துவிடலாம். சரித்திரக் கதையிலோ ஒரு தலைமுறையின் கதை முடியுமிடத்தில் அடுத்த தலைமுறையின் கதை தொடங்கிவிடுகின்றது என்பது அவர் கூறிய சமாதானத்தின் சாரம். மணிரத்னம் அவர்கள் இக்கதையை 2022-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் இரு பகுதிகளாகத் திரைப்படமாக்கியபோது பழைய பிணக்கு புத்துயிர் பெற்றது. மணிமேகலை என்னும் பாத்திரமே படத்தில் இல்லாமை கண்டு இரண்டாங் கட்சியினர் வெகுண்டனர். அருள்மொழி முடிசூட்டும் மதுராந்தகன் நாவலில் ஒருவன், படத்தில் வேறொருவன் என்பது கண்டு ஏனையோர் மயங்கினர். இவ்வேறுபாட்டின் பொருளைப் பின்னர்க் காண்பாம்.

இனி, இக்கொலை எம் போன்ற கள்ளக்குறிச்சிச் சீமையார்க்கு ஏன் அயலார் வீட்டுச் செய்தியாகத் தோன்றுவதில்லை என்பதைக் கூறுதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தினுள், தென்பெண்ணையாற்றங்கரையில், அமைந்திருப்பது திருக்கோவலூர். இன்று திருக்கோயிலூர் என வழங்கும் அவ்வூரே மலையமான்களின் தலைநகர். சுந்தர சோழரின் தேவியாகிய வானவன் மாதேவி அம்மரபிற் பிறந்த நங்கை. எனவே, கொலையுண்ட கரிகாலன் எங்கள் மண்ணின் மகள் வயிற்றுப் பேரன். நாவலில் அவனை எச்சரித்து, அவன் பொருட்டு நெஞ்சு பதைக்கும் முதியவராகிய திருக்கோவலூர் மலையமான் வரும் பக்கங்களை எம் ஊரார் தம் வீட்டுப் பெரியவரைக் காண்பது போலவே படிப்பர்.

திருக்கோவலூர் வீரட்டானத்துத் திருக்கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று செய்யுள் நடையில் அமைந்துள்ளது. சுந்தர சோழர் இறந்தபோது வானவன் மாதேவி அவரோடு தீப்புகுந்த செய்தியை அது கூறுகின்றது. பாரியின் மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் பெண்ணையாற்றுப் பாறையில் தீப்புகுந்த செய்தியும் அதன்கண் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் யாம் அக்கல்வெட்டின் முன் நின்றபோது எமக்குத் தோன்றியது இது: நாவலில் அவ்வரசி கதை முடியும் வரையிலும் உயிரோடிருந்து நோயுற்ற கணவரைப் பேணுகின்றாள். கல்வெட்டு கூறும் அவள் மரணம் கதையின் எல்லைக்கு அப்பால் நிற்கின்றது. ஆகவே, எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தே ஆசிரியர் நிறுத்தியிருக்கின்றார். அவர் நிறுத்திய இடத்தை நாம் குறைபாடு என்கின்றோம்.

அவ்விடுமுறையிலேயே வேறொன்றும் நிகழ்ந்தது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையில், வெள்ளிமலையை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர் எம் நண்பரொருவர். அவர் எம் வீட்டுத் தைத்த ஏடுகளை வாங்கிச் சென்று, எழுத்தறியாத தம் ஆயாவுக்கு இரவுதோறும் படித்துக் காட்டினார். கொலை நிகழ்ந்த அத்தியாயம் முடிந்ததும், ‘யார் கொன்றிருப்பார் என்று நினைக்கிறீர்கள் ஆயா?’ என்று வினவினாராம். அம்மூதாட்டியார் அவ்வினாவைப் பொருட்படுத்தவே இல்லை. “அது கிடக்கட்டும் கண்ணு. செய்யாத பழிக்கு உள்ளே போட்டாங்களே, அந்தப் பிள்ளையை விட்டாங்களா, இல்லையா?” என்றாராம். நண்பர் இதனை நகைத்துக்கொண்டே எமக்குக் கூறினார். எமக்கோ நகை வரவில்லை. மூன்று கட்சியாரும் கேளாத கேள்வி அது.

அக்கேள்வியின் துணைகொண்டு சரித்திரத்தை நோக்குவோம். இக்கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள தலையாய சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு. அது இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், பஞ்சவன் பிரமாதிராசனாகிய ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராசனாகிய பரமேசுவரன் முதலியோரை அது குறிப்பிட்டு, அவர்தம் உறவினருடைய உடைமைகளும் கைப்பற்றப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. அவர்கள் ஏன் கொன்றனர், யார் ஏவினர் என்பவற்றை அக்கல் கூறவில்லை.

கல் வாய்திறவாத இடத்திற் புலவர்கள் பேசினர். சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய நீலகண்ட சாஸ்திரியார், இடையே அரசாண்ட உத்தம சோழர் மீது ஐயங்கொண்டார். அவர் ஆட்சி முழுதும் துரோகிகள் தண்டிக்கப்படாமல், இராசராசன் அரியணை ஏறிய பின்னரே நடவடிக்கை எடுக்கப்பட்டதாகத் தோன்றுவதே அவ்வையத்திற்குக் காரணம். சதாசிவ பண்டாரத்தார் இதனை மறுத்தார். கல்வெட்டில் உத்தம சோழரின் பெயர் குற்றத்தோடு எவ்விடத்தும் இணைக்கப்படவில்லை. தண்டனை தாழ்த்தமைக்குக் காரணம் பலவாக இருத்தல் கூடும். அன்றியும், உத்தம சோழரின் மைந்தனாகிய மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியிற் கோயிற் காரியங்களை ஆராயும் உயர்பதவி வகித்தான். தன் தமையனைக் கொல்வித்தவன் மகனுக்கு இராசராசன் அத்தகைய பதவி நல்கியிருப்பானோ என்பது சிந்திக்கத்தக்கது.

இனித்தான் கல்கியவர்கள் செய்த செயலின் நுட்பம் விளங்கும். நாவலிற் பழுவேட்டரையரோடு சேர்ந்து அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன், செம்பியன் மாதேவியின் உண்மைப் புதல்வன் அல்லன். குழந்தைப் பருவத்தில் மாறிப்போன உண்மைப் புதல்வன், சிவனடியார்க்குரிய அன்பும் எளிமையும் உடைய சேந்தன் அமுதன். முடிவில் அமுதனே உத்தம சோழனாக முடிசூட்டப் பெறுகின்றான். இம்மாற்றத்தைக் கதைச் சுவைக்காக எழுந்த வெறும் வியப்பென்று பலர் கருதுவர். யாம் அங்ஙனம் கருதவில்லை. சதியில் ஈடுபட்டவன் ஒருவன், முடிசூடியவன் வேறொருவன் என ஆக்கியதனால், சான்றில்லாப் பழியொன்று சரித்திரத்து உத்தம சோழர் மீது விழாதவாறு ஆசிரியர் காத்துவிட்டார். திரைப்படம் இம்மாற்றத்தைக் கைவிட்டமையால், ஆசை கொண்டவனே அரசனும் ஆகின்றான். படம் பார்த்தோரும் நாவல் படித்தோரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாது வாதிடுவதற்கு இஃதொரு காரணம்.

அவ்வாறே, கொலையாளி இன்னார் என அறுதியிடாமையும் ஆசிரியரின் மறதியன்று என்பது எம் கருத்து. துரோகிகளின் பெயரைக் கல் கூறுவதால், ரவிதாசன் முதலியோரைச் சதிகாரராகக் காட்டினார். வாளோச்சிய கை எதுவெனக் கல் கூறாமையால், அதனை இருளில் விட்டார். வாசகராகிய நாமோ, இருளில் யாரேனும் ஒருவர் கையைப் பற்றி இழுத்து வந்து குற்றவாளியென நிறுத்தினாலன்றி அமைதி பெறுவதில்லை. கதையில் வந்தியத்தேவனைப் பாதாளச் சிறையில் அடைத்தவர்களும் அமைதி பெறவே அங்ஙனம் செய்தனர். அறையில் இருந்தவன் அவன். ஆதலின் கொன்றவன் அவன் என்பது அவர்கள் கண்ட நியாயம். அவர்தம் அவசரத்தைப் பழித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பும் நாம், கடைசிப் பக்கத்தில் அதே அவசரத்தை ஆசிரியரிடம் வேண்டுகின்றோம்.

முதற் கட்சியார் கூற்றில் உண்மையே இல்லையென்று யாம் சொல்ல வரவில்லை. வாரந்தோறும் மர்மத்தைக் காட்டி ஆவலைத் தூண்டிய கதை, தீர்ப்பையும் அளிக்கும் என எதிர்பார்ப்பது இயல்பே. நந்தினியின் பிறப்பைப் பற்றிய குழப்பத்தைச் சரித்திரத்தின் மேல் ஏற்றிவிடவும் இயலாது. அவள் முழுதும் கற்பனைப் பாத்திரம். ஆண்டு அந்த முடிச்சை ஆசிரியர் இன்னுஞ் சிறிது அவிழ்த்திருக்கலாம். ஆயினும் கொலையைப் பொறுத்தவரை, அறியாததை அறிந்ததாகக் கூறாமை அவர்க்குக் குறையன்று, பெருமையே.

இப்போது எம் பிழைக்கு வருவோம். சென்ற ஆண்டு நம் தமிழ்ச் சங்கத்தில் நடந்த சொற்போரில், உத்தம சோழரே கொலைகாரர் என்று யாம் முழங்கியதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். சாஸ்திரியாரின் ஐயத்தை எடுத்துக்கொண்டு, அதனை முடிந்த முடிபாக்கி, மேசையைத் தட்டி உரைத்தோம், கைதட்டலும் பெற்றோம். அப்போது முதலாண்டு மாணவரொருவர் எழுந்து, ‘கல்வெட்டில் அவ்வாறு உள்ளதா?’ என்று பணிவுடன் கேட்டார். அன்று யாம் அக்கல்வெட்டைப் பற்றிக் கேள்வியுற்றிருந்தோமேயன்றி, அதன் வாசகத்தைப் படித்திருக்கவில்லை. ஆதலின் நகைமொழியொன்றால் அவர் வாயை அடக்கினோம். அவையும் எம்மோடு சேர்ந்து நகைத்தது. அவர் பின்னர் எந்தச் சொற்போரிலும் எழுந்து பேசக் கண்டிலோம்.

அவ்வினாவுக்குரிய விடையை ஓராண்டு தாழ்த்தாயினும் இங்கே கூறுகின்றோம்: தம்பி, கல்வெட்டில் அவ்வாறு இல்லை. நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆயிரம் ஆண்டுகட்கு முன் மறைந்த அரசர்க்கு எம் பேச்சால் நேர்ந்த கேடு ஒன்றுமில்லாதிருக்கலாம்; ஆயின் ஒரு மாணவர் கேள்வி கேட்பதை நிறுத்தியது கேடேயாம். வரும் ஆண்டுச் சொற்போரில் நீங்கள் எழுந்து பேச வேண்டும். முதல் வரிசையில் அமர்ந்து கேட்போம்.