முதலில் அடித்தளம், பிறகு ரியாக்ட்

ஃபுல் ஸ்டாக் டெவலப்பராக விரும்புகிறவர்கள் பலர், ‘ரியாக்ட் படிப்பதா, ஆங்குலரா?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது, அடித்தளம் இருக்கிறதா என்பதற்குப் பிறகு இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஏனென்றால் கருவிகள் மாறும். இன்றைய ஆங்குலருக்கு முன்னோடியாக கூகுள் 2010-இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2022 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுபோனது. ஆனால் எட்கர் காட் 1970-இல் முன்வைத்த டேட்டாபேஸ் கோட்பாட்டிலிருந்து வளர்ந்த எஸ்க்யூஎல்லும், 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட்டும் இன்றும் சோறு போடுகின்றன.

டிக்கெட் விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். மிஞ்சியிருப்பது ஒரே இருக்கை. இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டு பிரவுசர்களும் சர்வருக்குக் கோரிக்கை அனுப்புகின்றன. சர்வர் ஆளைச் சரிபார்த்து டேட்டாபேஸிடம் கேட்கிறது. இருக்கை காலியா என்று பார்ப்பதும் அதைப் பதிவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்காவிட்டால், இருவருக்கும் அதே இருக்கை போய்விடும். திரையை எவ்வளவு அழகாக வடிவமைத்தாலும் இந்தப் பிழை தீராது. பிரவுசர், சர்வர், டேட்டாபேஸ் என்ற மூன்று அடுக்கையும் தொடர்ந்து பார்க்கத் தெரிந்தவருக்கே அது பிடிபடும். ஃபுல் ஸ்டாக் என்பதற்குச் சம்பளம் தருவதே இதற்காகத்தான்.

நேர்முகத்தேர்வில் ரியாக்ட்தானே கேட்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. கேட்கட்டும், அடிப்படை தெரிந்தவர் அதைச் சீக்கிரமே பழகிவிடுவார். ஏஐயே நிரல் எழுதித் தருமே என்றால், தரும். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்க்யூஎல் வரியில் ஒட்டி, திருடனுக்குக் கதவு திறக்கும் நிரலையும் தரும். அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அடிப்படையைக் கற்க எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம். லாகினும் டேட்டாபேஸும் உள்ள சிறு செயலி ஒன்றைச் சொந்தமாகக் கட்டி, கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு வேலைக்கு விண்ணப்பியுங்கள்.