ராயபுரத்துக்காரர் கம்பெனியில நைனாவோட 6 லட்சம்: ஒரு டிவிடெண்ட் கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடுக்கான கேள்வியைக் கேட்டது எங்க நைனா. முப்பது வருஷத்துக்கு மேல கன்டெய்னர் யார்டுல வேலை பார்த்துட்டு, 61 வயசுல இப்ப திருவொற்றியூர் வீட்ல இருக்கார். செட்டில்மென்ட் பணத்துல அக்கா கல்யாணக் கடன், மாடி ஒழுகல் எல்லாத்தையும் அடைச்சது போக 6 லட்சம் மிச்சம். அந்த 6 லட்சத்தைத் தவிர வேற எதுவும் கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ வர்ற கணக்கு எல்லாமே இதை வெச்சுத்தான்.

ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கும்போது கேட்டார்: "டேய், நம்ம ராயபுரத்துக்காரர் கல்யாணக் கம்பெனி இருக்கே, அதுல போட்டா மாசாமாசம் இன்னா வரும்?"

அவர் சொன்னது மேட்ரிமோனி.காம். பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி எல்லாம் இவங்களோடதுதான். நிறுவனர் முருகவேல் ஜானகிராமன் ராயபுரத்துல வளர்ந்தவர், அவரோட அப்பா துறைமுகத்துல கூலி வேலை பார்த்தவர். மாநிலக் கல்லூரியில புள்ளியியல், அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்துல எம்சிஏ. அமெரிக்காவுல வேலையில இருந்தப்ப, 1997-ல தமிழர்களுக்குன்னு ஒரு வெப்சைட் ஆரம்பிச்சார். அதுல வரன் பகுதிக்குத்தான் கூட்டம் அதிகமா வந்தது. அதைத் தனியா பிரிச்சுத்தான் 2000-ல பாரத் மேட்ரிமோனி. 2017 செப்டம்பர்ல பங்குச் சந்தைக்கு வந்தாங்க, ஒரு பங்கு 985 ரூபாய்.

நைனாவுக்கு இதுல ரெண்டு பாசம். ஒண்ணு, ஹார்பர்ல மூட்டை தூக்கினவர் புள்ள கட்டின கம்பெனி. இன்னொண்ணு, எங்க அக்காவுக்கு வரன் கிடைச்சதே அந்த ஆப்லதான். பாசத்தை வெச்சு ஷேர் வாங்கக் கூடாதுன்னு நான் சட்டுனு சொல்லல. தெரிஞ்ச தொழில்ல முதலீடு பண்றது தப்பான ஆரம்பம் இல்ல. ஆனா அக்கா கதையிலயே இந்தத் தொழிலோட சிக்கல் ஒளிஞ்சிருக்கு, அதுக்கு வரேன்.

முன்னாடி ஒரு விஷயம்: நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர், செபியில பதிவு பண்ண ஆலோசகர் கிடையாது. எங்க வீட்டுக் கணக்கைத்தான் சொல்றேன், உங்க வீட்டுக் கணக்கு வேற.

டிவிடெண்ட்னா கம்பெனி தன் லாபத்துல ஒரு பகுதியைப் பங்குதாரருக்குப் பணமா கொடுக்கறது. கொடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல. மாசாமாசமும் வராது, நம்ம ஊர்க் கம்பெனிகள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான். மேட்ரிமோனி.காம் சமீப வருஷங்கள்ல பங்குக்கு 5 ரூபாய்ங்கற அளவுல கொடுத்துட்டு வந்திருக்கு. 2025-ல நான் பார்த்தப்ப பங்கு விலை 500 சொச்சம். 5-ஐ 500-ஆல வகுத்தா 1 சதவீதம், இதுக்குப் பேர்தான் டிவிடெண்ட் யீல்டு. 2017-ல 985 கொடுத்து வாங்கினவருக்கு அரை சதவீதம்தான். அதோட அவர் போட்ட முதலும் பாதி ஆகி நிக்குது.

நைனா கணக்குக்கு வருவோம். 6 லட்சத்துக்கு 500 ரூபாய் விலையில 1,200 பங்கு. வருஷத்துக்கு 6,000 ரூபாய். மாசத்துக்குப் பிரிச்சா 500. எங்க வீட்டு கேஸ் சிலிண்டர் கூட முழுசா வராது.

"அப்ப திருவொற்றியூர் எம்ஆர்எஃப்-ல போடலாமா, அது லட்ச ரூபாய் ஷேராச்சே"ன்னார். 1946-ல கே. எம். மாம்மன் மாப்பிள்ளை எங்க ஊர்ல பலூன் செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனி அது. 2023 ஜூன்ல ஒரு பங்கு லட்சத்தைத் தாண்டினது பெரிய செய்தி. அதே எம்ஆர்எஃப் இடைக்கால டிவிடெண்ட்னு 3 ரூபாய் அறிவிக்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்ல மீம் பறக்கும். இறுதி டிவிடெண்டையும் சேர்த்தா 2023-24-க்கு பங்குக்கு 200 ரூபாய். லட்சத்துக்கு மேல விலை இருக்கற பங்குக்கு 200-னா 0.2 சதவீதம் கூட இல்ல. விலை பெருசா இருக்கறதுக்கும் டிவிடெண்ட் பெருசா இருக்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்ப யீல்டு அதிகமா இருக்கற கம்பெனியா தேடிப் போனா? அதுக்கும் பக்கத்துலயே உதாரணம் இருக்கு, மணலி சிபிசிஎல். கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு, இந்தியன் ஆயிலோட துணை நிறுவனம். 2022-23-க்கு பங்குக்கு 27 ரூபாய் கொடுத்தாங்க. 2023-24-க்கு 55. அந்த 55-ஐப் பார்த்து உள்ள போனவங்க என் ஆபீஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க. 2024-25-க்கு வந்தது 5 ரூபாய். சுத்திகரிப்பு லாபம்ங்கறது கச்சா எண்ணெய் விலைக்கும் பெட்ரோல், டீசல் விலைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. அது சுருங்கினா 2,700 கோடியை ஒட்டி இருந்த லாபம் அடுத்த வருஷமே 200 கோடி பக்கம் வந்துடும், அதான் நடந்தது. போன வருஷ டிவிடெண்டை இந்த வருஷ விலையால வகுத்து வர்ற யீல்டு, முடிஞ்சு போன மேட்ச்சோட ஸ்கோர் மாதிரி.

சரி, மேட்ரிமோனிக்குத் திரும்புவோம். 1 சதவீதம்னு ஒதுக்கிடறதும் அவசரம்தான். நீண்ட காலத்துக்கு யோசிக்கும்போது இன்னைக்கு எவ்ளோங்கறதை விட, அது வருஷாவருஷம் வளருமாங்கறதுதான் முக்கியம். அது வளர லாபம் வளரணும். லாபம் வளர தொழில் வளரணும்.

தொழிலோட நல்ல பக்கம் முதல்ல. காசு முன்னாடியே வந்துடும். எங்க அக்காவுக்கு 6 மாச பேக்கேஜ் எடுத்தோம், மொத்தப் பணமும் முதல் நாளே கட்டியாச்சு. ஃபேக்டரி, சரக்கு, குடோன், எதுவும் பெருசா தேவையில்ல. கடன் பாரமும் பெருசா இல்ல. அதனால கையில ரொக்கம் சேரும். டிவிடெண்ட் கொடுக்க இதை விட வசதியான தொழில் அமையறது கஷ்டம்.

இப்ப அக்கா கதை. 6 மாச பேக்கேஜ், மூணாவது மாசமே வரன் அமைஞ்சுடுச்சு. எங்களுக்கு சந்தோஷம், கம்பெனிக்கும் பேரு. ஆனா அன்னைக்கே அவங்க ஒரு கஸ்டமரை இழந்துட்டாங்க. டயர் தேஞ்சா திரும்ப வாங்குவான், போன் பழசானா மாத்துவான். கல்யாணத்துல சர்வீஸ் நல்லா இருந்தா கஸ்டமர் திரும்ப வரவே மாட்டான்! அதனால ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய புதுசா ஒரு கூட்டத்தைப் பிடிக்கணும், அதுக்கு விளம்பரம். வருமானத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல மார்க்கெட்டிங்குக்கே போகுது. விளம்பரத்தைக் குறைச்சா இந்த வருஷ லாபம் ஏறும், அடுத்த வருஷம் வரன் தேட வர்றவங்க குறைவாங்க.

போட்டியும் இருக்கு. ஜீவன்சாத்தி, இன்ஃபோ எட்ஜ் கம்பெனியோடது, சாட் பண்றதை இலவசமாக்கினாங்க. அவங்களுக்கு நௌக்ரி வேலைவாய்ப்பு சைட்ல இருந்து நல்லா காசு வருது, இங்க நட்டத்தைத் தாங்க முடியும். மேட்ரிமோனிக்கு வரன் தொழில்தான் பிரதானம்.

அப்புறம் கூகுள். நான் ஆப் எழுதறவன், அதனால இதுல கொஞ்சம் கோபமாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க. ஆப் உள்ள பணம் வாங்கினா பிளே ஸ்டோர் 15-லேர்ந்து 30 சதவீதம் கமிஷன் கேட்கும், வேற பேமென்ட் வழி வெச்சாலும் 11-லேர்ந்து 26. இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவங்கள்ல மேட்ரிமோனியும் உண்டு. 2024 மார்ச் 1-ம் தேதி கூகுள் இவங்க ஆப்களைப் பிளே ஸ்டோர்ல இருந்து தூக்கிடுச்சு. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாள்ல திரும்ப வந்தது. இதே கம்பெனி கொடுத்த புகார்லதான், தேடல் முடிவுகள்ல பாரபட்சம்னு 2018 பிப்ரவரியில இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 136 கோடியை ஒட்டி அபராதம் போட்டுச்சு. சண்டை போடற கம்பெனி, எனக்குப் பிடிக்கும். ஆனா டிவிடெண்ட் நம்பி இருக்கற பெரியவர் கண்ணோட்டத்துல பாருங்க: கடை நம்மளோடது, கடைக்குப் போற ரோடு இன்னொருத்தரோடது.

இதெல்லாம் கணக்குல எப்படித் தெரியுது? 2021-22-ல வருமானம் 430 கோடிக்கு மேல, 2024-25-ல 455 கோடியை ஒட்டி. மூணு வருஷத்துக்கு இது வளர்ச்சியே இல்ல. லாபம் 50 கோடிக்கு மேல இருந்தது 45 பக்கம் வந்திருக்கு. அந்த லாபத்துலயும் ஒரு கணிசமான பகுதி, கையில இருக்கற ரொக்கத்தை முதலீடு பண்ணி வர்ற வருமானம்.

"லாபத்தை அவங்க வேற வழியில திருப்பிக் கொடுத்தாங்களே"ன்னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க. ஆமா, பைபேக். நம்ம பங்கைக் கம்பெனியே வாங்கி ரத்து பண்றது. 2022-ல 75 கோடிக்கு, பங்குக்கு 1,150 விலையில. 2024-ல 72 கோடிக்கு, 1,025 விலையில. டிவிடெண்டா கொடுத்ததை விட இது பெரிய தொகை. பங்கு எண்ணிக்கை குறையறதால மிச்சம் இருக்கற ஒவ்வொரு பங்குக்கும் லாபத்துல பங்கு கூடும். ஆப்பிளும் இப்படித்தான். 1995-ல நிறுத்தின டிவிடெண்டை 2012-ல திரும்ப ஆரம்பிச்சாங்க, ஆனா அதை விடப் பல மடங்கு பணத்தைப் பைபேக்குக்குத்தான் போடறாங்க. ஆப்பிளோட லாபம் வளர்ந்துட்டே இருந்ததால அது வேலை செஞ்சுது. இங்க 1,025-க்கு வாங்கின பங்கு அடுத்த வருஷம் பாதி விலைக்குக் கிடைச்சுது. அந்த 72 கோடியை டிவிடெண்டா பிரிச்சிருந்தா பங்குக்கு 30 ரூபாய்க்கு மேல வந்திருக்கும். இது என் கருத்துதான், நிர்வாகத்துக்கு அப்ப நியாயமான காரணம் இருந்திருக்கலாம். ஆனா பைபேக்ல பங்கை வித்தவருக்குத்தான் கையில காசு. விக்காம வெச்சிருந்தவர் லாபம் வளரும்னு நம்பி உக்காந்திருக்கணும்.

இதையெல்லாம் சொன்னதும் நைனா ஒரே கேள்வி கேட்டார்: "போஸ்ட் ஆபீஸ்ல இன்னா தரான்?"

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 2023 ஏப்ரல்ல இருந்து 8.2 சதவீதம். 6 லட்சத்துக்கு வருஷம் 49,200, மூணு மாசத்துக்கு ஒருக்கா 12,300. அஞ்சு வருஷத்துக்கு வட்டி மாறாது. வரி உண்டு, ஆனா நைனாவோட மொத்த வருமானத்துக்கு வரி கட்ட வேண்டி வராது.

500 ரூபாய்ப் பங்கு இந்த 8.2-க்கு ஈடு கொடுக்கணும்னா பங்குக்கு 41 ரூபாய் டிவிடெண்ட் வேணும். பங்கு எண்ணிக்கை 2.15 கோடி சுமாருக்கு, 45 கோடி லாபத்தை வகுத்தா பங்குக்கு 21 ரூபாய்தான் வருது. மொத்த லாபத்தையும் வழிச்சுக் கொடுத்தாலும் பாதி தூரம்தான். இல்ல, 5 ரூபாய் வருஷத்துக்கு 10 சதவீதம் வளரும்னு வெச்சுக்கிட்டா 41-ஐத் தொட 22 வருஷம் ஆகும். நைனாவுக்கு அப்ப 83.

"நீ வாங்கு, எனக்கு வேணாம்"னுட்டார்.

என் வயசுல இருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு இப்படியே பொருந்தாது. எனக்குச் சம்பளம் வருது, 22 வருஷம் காத்திருக்கவும் முடியும். நான் பார்க்கறது ரெண்டே விஷயம்: பணம் கட்டற சந்தாதாரர் எண்ணிக்கை காலாண்டுக்குக் காலாண்டு ஏறுதா, விளம்பரச் செலவு வருமானத்தை விட மெதுவா ஏறுதா. ரெண்டும் சேர்ந்து நாலஞ்சு காலாண்டு நடந்தா யோசிப்பேன். இப்போதைக்கு நடக்கல.

கடைசியில என்ன ஆச்சுன்னா, 5,75,000 போஸ்ட் ஆபீஸ்ல போட்டாச்சு. மிச்சம் 25,000-க்கு, நான் எவ்ளோ சொல்லியும் கேட்காம, நைனா 50 ஷேர் வாங்க வெச்சார். ஆகஸ்ட்ல 250 ரூபாய் வந்த எஸ்எம்எஸ்ஸைத் தெருவுல பாதிப் பேருக்குக் காட்டிட்டார். அக்கா வீட்டுக்காரருக்கும் ஃபார்வர்ட் பண்ணியிருக்கார், "உன் கல்யாணத்துக்குக் கட்டின பணம் திரும்ப வருது மாப்ள"ன்னு.

அடுத்த எபிசோட்ல, வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுக்கலாமா, மாத்தலாமான்னு பேசுவோம். கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, போன வாரம் காசிமேட்டுல இருந்து ஒருத்தர் அனுப்பினதுல பின்னாடி ஐஸ் உடைக்கற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு, அவர் திரும்ப அனுப்பணும்.