தோத்தா மூட்டை முடிச்சுதான்! அமெரிக்காவை ஆட்டிப்படைக்கும் 'மார்ச் பைத்தியம்'

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் ஆபீஸ் வேலை பாதிதான் ஓடும். ஆளுக்கு ஒரு அட்டவணையை கையில் வைத்துக்கொண்டு எந்த காலேஜ் ஜெயிக்கும், எது ஊத்திக்கும் என்று கணக்கு போட்டுக் கொண்டிருப்பார்கள். கல்லூரி அணிகள் மோதும் என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்து போட்டி படுத்தும் பாடு இது. அமெரிக்கர்களே இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மார்ச் மேட்னஸ்', அதாவது மார்ச் பைத்தியம்!

வழக்கமான சீசன் முடிந்த பிறகு நடக்கும் இந்த போட்டி 1939ம் ஆண்டு வெறும் 8 அணிகளுடன் தொடங்கியது. 2011ல் அது 68 அணிகள் ஆனது. கொரோனாவால் 2020ல் மட்டும் ரத்து.

முதலில் 8 அணிகள் மோதி 4 கழிந்துவிடும். மீதி 64 அணிகளை 4 பிரிவாக பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை நம்பர் கொடுப்பார்கள். நம்பர் 1 அணியோடு மோத வேண்டியது நம்பர் 16. பலசாலியோடு நோஞ்சானை கோர்த்துவிடுகிற மாதிரிதான்.

ஆனால் இது நாக் அவுட். இன்னைக்கு தோத்தா நாளைக்கு பார்த்துக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 40 நிமிடத்தில் கை கொஞ்சம் சறுக்கினால், வருஷம் பூரா பட்ட பாடு காலி. 64ல் நிற்கும் அணி தொடர்ந்து 6 ஆட்டம் ஜெயித்தால் கோப்பை.

குட்டி அணிகளின் வேட்டை

ஆண்கள் போட்டியில் நம்பர் 16 அணிகள் வரிசையாக 135 முறை தோற்றிருந்தன. 2018ம் ஆண்டு மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி என்ற காலேஜ், நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று புரட்டி எடுத்தது. அடிபட்ட வர்ஜீனியா சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே கோப்பையை தூக்கியது!

2023ல் பேர்லே டிக்கின்சன் அணி பர்டூவை 63-58 என்று சாய்த்தது. பர்டூ பக்கம் நின்றவர் 7 அடி 4 அங்குல ஜாக் ஈடி. எதிரே நின்றதோ முதல் டிவிஷனிலேயே குள்ளமான அணி.

இப்படி நடப்பதால்தான் 63 ஆட்டத்தையும் யாராலும் சரியாக கணிக்க முடிவதில்லை. அதற்கு சுமார் 92 ஆயிரம் கோடி கோடி வழிகள் இருக்கிறதாம். 2014ல் கோடீஸ்வரர் வாரன் பபெட் பின்னால் நிற்க, எல்லாவற்றையும் சரியாக சொன்னால் 100 கோடி டாலர் என்று ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை.

கோடி அங்கே, பட்டினி இங்கே

டி.வி. உரிமைக்காக 2010ம் ஆண்டு போடப்பட்ட 14 வருஷ ஒப்பந்தம் 1,080 கோடி டாலர். 2016ல் மேலும் 880 கோடிக்கு, 2032 வரை நீட்டித்தார்கள். பயிற்சியாளர்களுக்கு கோடிகளில் சம்பளம். வியர்வை சிந்தி ஆடிய பையன்களுக்கு? சம்பளம் கிடையாது. "படிக்கிற பிள்ளைகள், ஸ்காலர்ஷிப் போதும்" என்பதுதான் என்.சி.ஏ.ஏ. வாதம். நல்ல நியாயம்!

2014ல் கனெக்டிகட் அணியை கோப்பைக்கு அழைத்துச் சென்றவர் ஷபாஸ் நேப்பியர். பல ராத்திரி சாப்பாடு இல்லாமல் பசியோடு படுத்திருக்கிறேன் என்று நிருபர்களிடம் போட்டு உடைத்தார். நாடே அதிர்ந்தது. சில நாட்களிலேயே, வீரர்களுக்கு வயிறு நிறைய சாப்பாடு போட காலேஜ்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆமாம், அதற்கு முன்னால் அதற்கும் கட்டுப்பாடு இருந்தது!

2021 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டில் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக தீர்ப்பு எழுதினார்கள். அடுத்த மாதமே, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 ஜூலை முதல் காலேஜே நேரடியாக பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு சுமார் 2 கோடி டாலர் வரை.

பிள்ளைகளுக்கு விடிந்தது. ஆனால் குட்டி காலேஜ்கள் பாடு திண்டாட்டம். பணம் எங்கேயோ, ஆள் அங்கே. காலேஜ் மாறுவதற்கான விதிகளும் தளர்ந்துவிட்டதால் தடுக்க வழியில்லை. 2022ல் நம்பர் 15 அணியான செயின்ட் பீட்டர்ஸ், கென்டக்கியையும் பர்டூவையும் வீழ்த்தி கடைசி 8 வரை வந்தது. ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஆட்டம் ஓய்ந்ததும் பயிற்சியாளர் வேறு காலேஜுக்கு போனார். பின்னாலேயே முக்கிய வீரர்களும் கிளம்பி விட்டார்கள்.

2025ல் கடைசி 16ல் ஒரு குட்டி அணி கூட இல்லை. அத்தனையும் பெரிய கூட்டமைப்புகளின் அணிகள். கடைசி நாலில் நின்றதும் நாலு நம்பர் 1 அணிகளேதான். இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டனை 65-63 என்று தோற்கடித்து புளோரிடா கோப்பையை தட்டிச் சென்றது.