அயல்நாட்டு மூலிகைத் தேநீர்ப் பொடி: உறையைத் தூக்கி எறியாதீர்கள்

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரங்களிலிருந்து சிகிச்சைக்கு வருவோரின் வீடுகளில், அயல்நாட்டுத் தேநீர்ப் பொடி ஒன்று இருப்பது இப்போது அரிதன்று. சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ பணிபுரியும் மகன் விடுமுறையில் வரும்போது கொண்டுவருகிறார். வெளிநாட்டுக் கோயில் திருப்பணிக்குச் சென்று திரும்பும் சிற்பிகளும் வாங்கி வருகின்றனர். உறையில் உள்ள எழுத்து நமக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. ஆயினும் "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று அருந்தத் தொடங்குகிறோம். மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை.

நம் வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்று உண்டு. உறையைக் கத்தரித்துப் பொடியை எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டு, உறையைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். பொடியின் அடையாளம் அந்த உறையோடு போய்விடுகிறது.

பொடியைப் பார்த்து ஏன் கண்டறிய இயலாது?

முழு இலையாக இருந்தால் அதன் நரம்பு, விளிம்பு, காம்பு ஆகியவற்றைக் கொண்டு செடியை அறியலாம். அரைத்துவிட்டால் இவை யாவும் மறைந்துவிடுகின்றன. நிறமும் மணமும் உலர்த்திய முறையையும் வறுத்த முறையையும் பொறுத்து மாறுபவை. அவற்றை நம்ப இயலாது. கைபேசிச் செயலியில் பொடியைப் படம் பிடித்துக் கேட்பதும் பயன் தராது. ஆய்வகத்தில் நுண்ணோக்கி வழியாக இலைத்துளை, மயிரிழை, மாவுமணி, படிகம் ஆகியவற்றைப் பார்ப்பர். பின்னர் வேதிப்பொருள்களைப் பிரித்தறியும் குரோமட்டோகிராபி ஆய்வு செய்வர். இதற்குக் காலம் ஆகும். எந்தச் செடியோடு ஒப்பிடுவது என்ற குறிப்பும் வேண்டும். ஆகவே ஆய்வகத்தாரும் முதலில் கேட்பது, "உறையில் என்ன எழுதியிருந்தது?" என்பதையே.

பெயர்க் குழப்பத்தால் நேர்ந்த பேரிழப்பு

பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை நிலையம் ஒன்று, 1990 முதல் தன் கேப்சூல்களில் சீன மூலிகைப் பொடி இரண்டைச் சேர்த்து வழங்கியது. 1992-இல், முன்பு சிறுநீரக நோய் எதுவும் இல்லாத இளம்பெண்கள் சிலர் சிறுநீரகச் செயலிழப்புடன் மருத்துவமனைக்கு வந்தனர். ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. சேர்க்க வேண்டியது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்னும் செடியின் வேர். சேர்ந்திருந்ததோ அரிஸ்டோலோகியா ஃபாங்சி என்னும் வேறு செடி. சீன மொழியில் முன்னதன் பெயர் ஹான் ஃபாங் ஜி. பின்னதன் பெயர் குவாங் ஃபாங் ஜி. பெயர் ஒத்திருந்தது, பொடியாக இருந்ததால் வேறுபாடு தெரியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலருக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது. அரிஸ்டோலோகியா இனச் செடிகள் கலந்த மூலிகைத் தயாரிப்புகளை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வகைப்படுத்தியது.

இந்த இனம் நமக்கு அந்நியமானதன்று. நம் நிலத்தில் வளரும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆடும் தின்னாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்தனர் நம் முன்னோர். அரைத்த பொடியில் அந்த எச்சரிக்கை தெரிவதில்லை.

நம் ஊர்ச் செடி, அயல்நாட்டு உறையில்

அயல்நாட்டுப் பெயர் தாங்கி வரும் பொடி சில நேரங்களில் நம் மண்ணின் செடியாகவே இருக்கும். எடை குறைக்கும் தேநீர், உடற்கழிவு நீக்கும் தேநீர் என்ற பெயரில் விற்பனையாகும் பலவற்றில் உள்ளது சென்னா இலை. இதுவே நம் நிலாவாரை. திருநெல்வேலிச் சீமையில் பயிராகித் தூத்துக்குடி வழியாக உலகெங்கும் செல்வது. இது பேதி மருந்து. சில நாள்களுக்கு அளவோடு கொள்ளத் தக்கது. நாள்தோறும் அருந்தினால் உடலின் நீரும் பொட்டாசியமும் குறையும். இதய நோய்க்காக டிகாக்ஸின் அல்லது சிறுநீர் பெருக்கி மாத்திரை உட்கொள்வோருக்கு இதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

எல்லாப் பொடியும் தீங்கானதன்று. எனினும், பிறருக்குத் தீங்கற்றது உங்கள் மருந்தோடு சேரும்போது தீங்காகலாம்.

• பச்சைத் தேயிலையை அரைத்த மாட்சா பொடியில் வைட்டமின் கே உண்டு. இது மிகுந்தால் வார்ஃபரின் மருந்தின் பயன் குறையும்.
• அதிமதுரம் தொடர்ந்து மிகுதியாகச் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும்.
• ஐரோப்பிய நாடுகளில் மனச்சோர்வுக்காக அருந்தப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், சிறுநீரக மாற்று நோயாளிகள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். மாற்றிய சிறுநீரகத்தையே இழக்க நேரிடலாம்.
• எடை குறைக்கும் "மூலிகை"ப் பொருள்கள் சிலவற்றில், சிபுட்ரமின் என்ற மருந்து உறையில் குறிப்பிடாமலே கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. இதயத்துக்குத் தீங்கு என்பதால் இந்தியாவில் 2011-இல் இம்மருந்து தடை செய்யப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பொடியை அதன் உறையிலேயே வைத்திருங்கள். டப்பாவுக்கு மாற்றினால் உறையையும் அதனுள் மடித்து வையுங்கள்.
2. உறையின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். கைபேசியின் மொழிபெயர்ப்பு வசதியால் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். செடியின் இலத்தீன் பெயரே மிகவும் உதவும். ஊர்ப்பெயர் இடத்துக்கு இடம் மாறும்.
3. வாங்கியவரிடம் எந்த ஊரில், எந்தக் கடையில், எதற்கென்று சொல்லி விற்றனர் எனக் கேட்டறியுங்கள். பயணப் பெட்டியில் வரும் பொருளில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் பெரும்பாலும் இராது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.
4. உட்பொருள் எதுவும் தெரியாவிடில் அருந்த வேண்டாம். கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோயுள்ளோர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் இதில் சிறிதும் தளர வேண்டாம்.
5. முன்பே அருந்தியிருந்தால் நிறுத்திவிட்டு, எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதிப் பொடியோடும் உறையோடும் எங்களிடம் வாருங்கள். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். தேவையெனில் கிரியேட்டினின், பொட்டாசியம், கல்லீரல் செயல்பாடு ஆகியவற்றை இரத்தத்தில் பார்ப்போம். சிறுநீரகப் பாதிப்பு தொடக்கத்தில் வலியின்றியே வரும் என்பதால் இப்பரிசோதனை இன்றியமையாதது.

கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், கால் வீக்கம், தசைத் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் அன்றே வாருங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல், படபடப்பு தோன்றினால் 108-ஐ அழையுங்கள். பக்கவிளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800 180 3024-இலும் தெரிவிக்கலாம். மூலிகை மருத்துவத்தை நாடுவோர், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் பதிவுபெற்ற மருத்துவரின் ஆலோசனையைப் பெறலாம்.

இவ்வாறு கேட்பது, அன்போடு வாங்கி வந்த பிள்ளையைக் குறை கூறுவதாகாது. எங்களிடம் சொன்னால் கோபிப்போம் என்ற தயக்கமும் வேண்டாம். என்ன அருந்தினீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களால் காலத்தோடு உதவ இயலும். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு அந்த உறையையும் எடுத்து வாருங்கள்.